பாலோவுக்கு வராத வாத்துகள்

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்துக்குள், பெக்கோக்கிலிருந்து தெற்கே வரும் இரயில் பாதை செம்பனைத் தோட்டங்களை ஊடறுத்துக்கொண்டு சாமெக்கை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்திருக்கும் பாலோ என்ற சிறு பட்டணத்தில், வாத்து என்று சொன்னவுடன் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, வீட்டு முற்றத்தில் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு அந்நியர்களைத் துரத்திவரும் ‘அங்சா’ என்னும் பெருவாத்தேயாகும். பாம்புக்கும் திருடனுக்கும் காவலாக அதை வளர்க்கிறவர்கள், அதன் முன்னோர் எந்த வேலிக்கும் கட்டுப்படாமல் தேசம் விட்டுத் தேசம் பறந்த யாத்திரிகர்கள் என்பதை அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. அலகின் அடியில் புடைப்புள்ள இனம் கிழக்காசியாவின் காட்டுவாத்து ஒன்றிலிருந்தும், புடைப்பில்லாத இனம் ஐரோப்பாவின் சாம்பல் நிறக் காட்டுவாத்திலிருந்தும் மனிதனால் வசப்படுத்தப்பட்டவை. அவற்றின் காட்டுச் சுற்றத்தார் இன்றும் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வருகிறார்கள். ஆனால் பாலோவுக்கு வருவதில்லை. வராத பறவையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் வினவலாம். ஒரு பிரதேசத்துக்கு எந்தப் பறவை வருகிறது என்பதைப் போலவே, எது வருவதில்லை என்பதும் விஞ்ஞானத்துக்கு வேண்டிய செய்திதான். அதை நிச்சயமாகச் சொல்வதற்கு, வந்த பறவையைக் கண்டு சொல்வதைக் காட்டிலும் அதிகமான உழைப்பு வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல முற்படுவது.

காட்டுவாத்துகள் சுபாவத்தில் மேய்ச்சல் பறவைகள். குட்டைப் புல், பயிரின் இளந்தளிர், அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் மணி, நீரோரத்துக் கிழங்கு முதலியனவே அவற்றின் பிரதான ஆகாரம். ஆகவே அவை தங்குவதற்குத் திறந்த நீர்ப்பரப்பும், அதன் அருகிலேயே மேய்வதற்குத் திறந்த வெளியும் சேர்ந்து கிடைக்கும் இடம் வேண்டும். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் கிழக்காசிய இனங்கள், குளிர்காலத்தில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும், சீனத்தின் யாங்சி நதிப் படுகையிலுள்ள போயாங், துங்திங் போன்ற ஏரிகளுக்கும் வந்து, அங்கேயே வயிறு நிறைந்துவிடுவதால் அதற்கு மேல் தெற்கே பயணத்தைத் தொடர்வதில்லை. போயாங் ஏரியிலிருந்து பாலோவுக்கு ஆகாய மார்க்கமாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அவ்வளவு தூரம் கடலையும் காட்டையும் தாண்டி வந்து, வானமே தெரியாதபடி மட்டை விரித்து நிற்கும் செம்பனைத் தோப்பில் ஒரு புல்மேயும் பட்சி என்ன செய்யும்? நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே ரப்பரும், அதற்கு முன் மழைக்காடும் இருந்தன. அப்போதும் நிலைமை இதுவேதான்.

இதைச் சிலர் வெப்பத்தின் மேல் ஏற்றிச் சொல்வதுண்டு. உறைபனிக்குப் பழகிய பறவை பூமத்திய ரேகையை நெருங்கத் துணியாது என்பது அவர்களுடைய அனுமானம். அந்த அனுமானம் நிற்காது. பாலோ பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறதென்றால், திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. மங்கோலியாவின் ஏரிகளிலிருந்து வைத்துப் பார்த்தால் அந்த ஆறு பாகை வித்தியாசம் ஒரு பொருட்டே அன்று. அப்படியிருந்தும் உலகத்திலேயே மிக உயர்ந்த மலைத்தொடரைக் கடந்து ஒரு காட்டுவாத்தினம் ஒவ்வோர் ஆண்டும் கூந்தன்குளத்துக்கு வந்து சேருகிறது.

அதுதான் பட்டைத்தலை வாத்து. சுமார் இரண்டிலிருந்து மூன்று கிலோ எடையும், இளஞ்சாம்பல் நிற உடலும் கொண்ட அந்தப் பறவையை, ஒருமுறை கண்டவர் வேறொன்றோடு குழப்பிக்கொள்வது அரிது. வெண்ணிறத் தலையின் பின்புறத்தில், ஒரு கண்ணிலிருந்து மறு கண் வரை உச்சியைச் சுற்றிச் செல்லும் கரும்பட்டை ஒன்றும், அதற்குக் கீழே சற்றுக் குறுகிய மற்றொன்றும் இருக்கும். கழுத்தின் பின்புறம் கருமையாகவும், பக்கவாட்டில் தலையிலிருந்து இறங்கி வரும் வெள்ளைக்கோடு தெளிவாகவும் தெரியும். அலகு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம், அதன் நுனி மட்டும் கறுப்பு. ஆனால் இந்த அடையாளமெல்லாம் வளர்ந்த பறவைக்கே பொருந்தும். அந்த வருஷத்தில் பிறந்த இளம்பறவைக்குத் தலையில் பட்டைகள் இரா. உச்சி கருமை கலந்த பழுப்பாக, முகம் மங்கலாக இருக்கும். புத்தகத்துப் படத்தை மட்டும் நம்பிப் போகிறவர், கூட்டத்தின் ஓரத்தில் மேயும் அந்த இளம்பறவைகளை வேறு ஏதோ அபூர்வ இனமென்று எழுதிவைத்துவிட வாய்ப்புண்டு. கூட்டம் என்று பொதுவாகச் சொல்கிறோமே ஒழிய, கவனித்துப் பார்த்தால் அது குடும்பங்களின் தொகுதி: தாயும் தந்தையும் குஞ்சுகளை அழைத்துக்கொண்டே தெற்கே வருகின்றன, வழியைக் குஞ்சுகள் பெற்றோருடன் பறந்தே கற்றுக்கொள்கின்றன. குயிற்குஞ்சு தன்னைப் பெற்றவளைக் காணாமலேயே தன் மார்க்கத்தை அறிந்துகொள்வது போன்றதன்று இது. வாத்துக்கு வழி என்பது குடும்பத்தில் பரம்பரையாக வரும் கல்வி. புயலிலோ வேட்டையிலோ பெற்றோரைப் பிரிந்த இளவாத்துக்கு அந்தக் கல்வி பாதியில் நின்றுவிடுவதால், தனக்குச் சம்பந்தமேயில்லாத ஒரு பிரதேசத்தில் தன்னந்தனியாக அது போய் இறங்கிவிடக்கூடும்.

கூந்தன்குளம் நாங்குநேரிப் பகுதியைச் சேர்ந்த ஓர் ஊர்க்குளம். மணிமுத்தாறு அணையின் தண்ணீர் கால்வாய் வழியே வந்து அதை நிரப்புகிறது. அதன் கரையிலும் ஊருக்குள்ளும் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டிய பறவையின் எச்சம் முற்றத்தில் விழுந்தாலும் அதை வையாமல், குஞ்சு பறக்கும் வரை பொறுத்திருப்பதும், தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் அவ்வூர் மக்கள் தாங்களே விதித்துக்கொண்ட நியமங்கள். எச்சம் கரைந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்ற லாபக் கணக்கும் இதில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இலாபமும் தர்மமும் ஒரே திசையில் செல்லும்போது இரண்டும் நெடுநாள் நிலைக்கின்றன. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்ட பறவைக் காவலர் பால்பாண்டியின் பெயர் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களிடையே பிரசித்தமானது. 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்குளம், 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பட்டைத்தலை வாத்து இங்கே கூடு கட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வந்து, பகலில் குளத்தில் ஓய்வெடுத்து, இருட்டும் வேளையில் சுற்றுவட்டாரத்து வயல்களில் மேய்ந்து, வெயில் ஏறும் பருவத்தில் வடக்கே திரும்பிவிடுகிறது.

எங்கே திரும்புகிறது? லடாக்கின் சோ மோரிரி ஏரிக்கரையிலும், திபெத்திலும், சீனத்தின் சிங்காய் ஏரியிலும், கிர்கிசியாவிலும், மங்கோலியாவிலும் இவ்வினம் முட்டையிடுகிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் கூந்தன்குளத்தில் இறங்கும் வாத்து அவற்றுள் எந்த ஏரியைச் சேர்ந்தது, எவ்வழியாக வந்தது, எங்கெங்கே தங்கியது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பதால் அறிய இயலாது. ஒரு பறவையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளத்தை முறையாக அளித்தவர் டென்மார்க்கு தேசத்தின் வீபோர்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன். 1899-ஆம் ஆண்டு அவர், எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையங்களை மைனாவின் உறவான சூறைக்குருவிகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் அந்தப் பறவையைக் கண்டெடுத்து, வளையத்திலுள்ளபடி எழுதிப் போட்டால், ஒரு பயணத்தின் தொடக்கமும் முடிவும் கிடைத்துவிடும். சாமானியமான இந்த யுக்திதான் பறவை வலசை பற்றிய சாஸ்திரத்துக்கு அடித்தளமாயிற்று. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிடும் பணியை மேற்கொண்டது. சாலிம் அலியின் தலைமையில் 1959-ல் தொடங்கிய வலசை ஆராய்ச்சித் திட்டத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் துணை நின்றது. பறவைகளோடு வியாதிகளும் எல்லை கடக்கின்றனவா என்ற கேள்வியே சுகாதார நிறுவனத்தை இதற்குள் இழுத்துவந்தது. மலாயாவுக்கும் இதில் பங்குண்டு. கோலாலம்பூரில் தங்கி ஆராய்ச்சி செய்த அமெரிக்கரான எலியட் மெக்ளூர், 1963-லிருந்து 1971 வரை கிழக்காசியா, தென்கிழக்காசியா முழுவதிலும் நடத்திய திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் மாட்டப்பட்டது.

வளையத்துக்கு ஒரு குறை உண்டு. பறவை மீண்டும் பிடிபட்டாலோ செத்து விழுந்தாலோ அன்றி அதன் எழுத்தைப் படிக்க முடியாது. வாத்துக்கு நெடிய கழுத்து இருக்கிறதே, அதில் பெரிய எழுத்துகள் பொறித்த பிளாஸ்டிக் பட்டையை மாட்டினால் என்ன என்று பின்னர் யோசித்தார்கள். மங்கோலியாவில் அப்படிக் கழுத்துப்பட்டை இடப்பட்ட பட்டைத்தலை வாத்துகளைக் கர்நாடகத்தில் மைசூர் வட்டாரத்து ஏரிகளில் தொலைநோக்கியின் உதவியால் கண்டு, எழுத்தையும் எண்ணையும் குறித்து அனுப்பியவர்கள், சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் அல்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்குப் போகும் சாதாரண ஆர்வலர்கள். ஒரே பறவையை அடுத்தடுத்த வருஷங்களில் அதே ஏரியில் கண்டால், அது தன் குளிர்கால வாசத்தை மறவாமல் திரும்பி வருகிறது என்பது ருசுவாகிறது. எந்த மனிதரும் அதை மறுபடி பிடிக்கவில்லை, படித்தார்கள், அவ்வளவே.

2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்காய் ஏரியில் நேர்ந்த ஒரு விபத்து இந்த ஆராய்ச்சியை வேறு வேகத்தில் தள்ளிற்று. எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் அங்கே பரவி ஆறாயிரத்துக்கும் அதிகமான நீர்ப்பறவைகளை மாய்த்தது. முதலில் விழுந்தவையும் பெருமளவில் விழுந்தவையும் பட்டைத்தலை வாத்துகளே. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் மட்டுமே உள்ள ஓர் இனத்துக்கு அது பெரிய நஷ்டம். நோயைச் சுமந்து செல்வது காட்டுப்பறவையா, கோழி வியாபாரமா என்ற தர்க்கம் எழுந்தபோது, பறவை எந்த நாளில் எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் அந்தத் தர்க்கத்துக்கு முடிவு காண முடியாது என்று எல்லாரும் உணர்ந்தார்கள். அதன் விளைவாக, ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமும் பல பல்கலைக் கழகங்களும் சேர்ந்து, சூரிய வெளிச்சத்தால் இயங்கும் சிறு கருவிகளை வாத்துகளின் முதுகில் பை போலப் பூட்டின. கருவியின் பாரம் பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கை மிஞ்சலாகாது என்பது பொதுவாக அனுசரிக்கப்படும் விதி. மங்கோலியாவிலும் சீனத்திலும் மட்டுமன்றி, ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் நம் கூந்தன்குளத்திலும் வாத்துகள் பிடிக்கப்பட்டுக் கருவி பூட்டி விடப்பட்டன. நாங்குநேரிச் சீமையின் ஒரு குளத்திலிருந்து கிளம்பிய பறவையை, செயற்கைக்கோளின் வாயிலாகத் திபெத்திய பீடபூமி வரை மேஜையில் அமர்ந்தபடியே தொடர்ந்து செல்வது அப்போது சாத்தியமாயிற்று.

தெரியவந்த செய்திகளுள் சில, நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கதைகளுக்கு மாறானவை. இந்த வாத்துகள் எவரெஸ்டின் உச்சிக்கும் மேலாகப் பறந்து செல்கின்றன என்பது மலையேறுவோரிடையே வழங்கிய கதை. பள்ளிப் புத்தகங்களிலும் அது ஏறிவிட்டது. 91 பறவைகளைத் தொடர்ந்து 2013-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், பதிவான உயரங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து 5,489 மீட்டருக்குக் கீழேயே இருந்தன. ஒரே ஒரு பறவை 7,290 மீட்டரைத் தொட்டது. எவரெஸ்டைத் தாண்டவில்லை என்பதால் பறவையின் பெருமை குறைந்துவிடுகிறதா என்றால், உயர்கிறது என்றே நான் சொல்வேன். ஏனென்றால் அது சிகரங்களின் மேல் வீம்புக்குப் பறக்கவில்லை. கணவாய்களைத் தேர்ந்து, பள்ளத்தாக்கு வந்தால் தாழ்ந்து, மேடு வந்தால் உயர்ந்து, நிலத்தின் வடிவத்தைத் தழுவிக்கொண்டே செல்கிறது. ஏறிய உயரத்திலிருந்து வீணாக இறங்குவது நஷ்டமல்லவா என்று நமக்குத் தோன்றும். 2015-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, ஏழு வாத்துகளின் உடலுக்குள் வைத்த கருவிகளால் இதயத் துடிப்பையும் சிறகடிப்பையும் அளந்து, அது நஷ்டமன்று என்று காட்டியது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சிறகை அதிகமாக அடிக்க வேண்டும். சிறகடிப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால், செலவாகும் சக்தி நாற்பது பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகையால் தாழ்ந்த இடத்தின் அடர்ந்த காற்றில் சிக்கனமாகப் பறந்து, அவசியமான இடத்தில் மட்டும் ஏறுவதே மொத்தத்தில் மலிவு.

அந்தக் கணக்கைப் போலவே வியக்கத்தக்கது, அவை ஏறுகிற வேளை. பகலில் சமவெளியிலிருந்து மலைமுகட்டை நோக்கி மேலெழும் காற்றை உபயோகித்துக்கொள்ளும் என்றுதான் முன்பு எண்ணினார்கள். 2011-ல் வெளியான ஆராய்ச்சியோ, அவை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும், அந்தக் காற்றின் உதவி இல்லாத வேளையில், ஏழெட்டு மணி நேரத்தில் இமயத்தின் தென்புறத்தை ஏறிக் கடந்துவிடுகின்றன என்று தெரிவித்தது. இரவுக் காற்று குளிர்ந்தது, குளிர்ந்த காற்று அடர்ந்தது, கொந்தளிப்பும் குறைவு. உதவிக்கு வரும் பகற்காற்றைக் காட்டிலும் உபத்திரவம் செய்யாத இரவுக் காற்றே அவற்றுக்கு உசிதமாகப் பட்டிருக்கிறது.

ஏழாயிரம் மீட்டர் உயரத்தில் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. மனிதன் அங்கே நடக்கவே திணறுகிறான். இப்பறவையோ தன் வாழ்வில் செய்யக்கூடிய வேலைகளிலேயே கடினமானதை அங்கே செய்கிறது. பறவைகளுக்குப் பொதுவாகவே மூச்சு அமைப்பு மனிதனுடையதைவிடச் செம்மையானது. பட்டைத்தலை வாத்துக்கு அதிலும் விசேஷமாக நுரையீரல் பெரிது, மூச்சு ஆழமானது, சிறகுத் தசைகளில் இரத்த நுண்குழாய்கள் செறிவானவை. இவற்றோடு இரத்தத்திலேயே ஒரு மாறுதல் உண்டு. இரத்தச் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து 1962-ல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸ், 1983-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இவ்வாத்தின் ஹீமோகுளோபினில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே, மெலிந்த காற்றிலிருந்தும் பிராணவாயுவை இறுகப் பற்றும் ஆற்றலை அதற்குத் தருகிறது என்று விளக்கினார். பிற்காலச் சோதனைகள் அதை ஆதரித்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தில், குஞ்சுப் பருவத்திலிருந்தே மனிதரைத் தாயாகக் கருதும்படி வளர்க்கப்பட்டு, வண்டியோட்டிச் செல்பவரின் அருகிலேயே பறந்து பழகிய வாத்துகள், முகமூடி அணிந்து காற்றுச் சுரங்கத்துக்குள் பறந்தன. மிக உயரத்துக்குரிய மெல்லிய காற்றைச் சுவாசித்தபோதும், இதயத்தை வேகமாக அடித்துக்கொள்ளாமல், தம் உடலின் செலவைக் குறைத்துச் சமாளித்தன. இந்த ஆராய்ச்சி 2019 செப்டம்பரில் வெளிவந்தது. அவ்வாத்துகளை வளர்த்த விஞ்ஞானி ஜெசிக்கா மெயர் அதே மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டுச் சென்றார். தம் வளர்ப்புப் பறவைகளைக் காட்டிலும் உயரே பறந்த வளர்ப்புத்தாய் என்று அவரைச் சொல்லலாம்.

இத்தனை நுட்பமான ஆராய்ச்சிகளுக்கும் அடியில் இருப்பது ஓர் எளிய காரியம்: குறித்த காலத்தில், குறித்த இடத்தில், இருக்கிற பறவைகளை எண்ணுவது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ல் தொடங்கியது. அதை ஒருங்கிணைத்த ஆசிய ஈரநிலச் செயலகம் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது என்பதை மலேசியத் தமிழர் பலர் அறியார். ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் இடைப்பகுதியில், பாகிஸ்தானிலிருந்து ஜப்பான் வரையிலும் ஆஸ்திரேலியா வரையிலும் உள்ள ஆயிரக்கணக்கான நீர்நிலைகளில் தன்னார்வலர்கள் எண்ணுகிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. கல்லூரி மாணவரும் விவசாயிகளும் குளம் குளமாகச் சென்று எண்ணுவதால், கூந்தன்குளத்துக்கு வராத ஆண்டில் வாத்துகள் அடுத்த குளத்தில் இருந்தனவா, அந்த வட்டாரத்துக்கே வரவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஒரே குளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஏனைய குளங்களில் ‘பட்டைத்தலை வாத்து: இல்லை’ என்று எழுதியவருடைய உழைப்பில்தான் கூந்தன்குளத்தில் ‘உண்டு’ என்று எழுதியவருடைய குறிப்புக்கு அர்த்தம் பிறக்கிறது.

பாலோவில் இந்த விஷயம் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஒருநாள் என்னிடம், “சார், நம்ம ஆலைக் குட்டையில காட்டு வாத்து எறங்கியிருக்கு, நாப்பது அம்பது இருக்கும்” என்றார். ஆலையின் கழிவுநீர் தங்கித் தெளியும் வரிசைக் குட்டைகளில் கடைசிக் குட்டையைத்தான் அவர் சொன்னார். பறவையின் பருமன் கோழியளவா, அங்சா அளவா, நிறம் என்ன, பறக்கும்போது கழுத்து நிமிர்ந்திருந்ததா, தொங்கினாற்போல் இருந்ததா, குரல் எப்படி என்று கேட்டேன். கோழியிலும் சிறிது, செம்பழுப்பு, தலை தாழ்ந்திருந்தது, பறந்துகொண்டே சீழ்க்கை அடித்தது என்று அவர் சொன்ன விடைகள் ஒவ்வொன்றும் சீழ்க்கைச் சிறகியைத்தான் காட்டின. மாலையில் போய்ப் பார்த்தபோது அவையே குட்டையில் மிதந்தன. மலேசியாவில் பரவலாக உள்ள பறவை. இளைஞருக்கு ஏமாற்றம், எனக்கோ அவருடைய கண்ணின் கூர்மையில் சந்தோஷம். இனத்தின் பெயரைத் தவிர மற்றெல்லாவற்றையும் அவர் சரியாகவே பார்த்திருந்தார். பெயர் புத்தகத்தில் கிடைத்துவிடும். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் குணம் புத்தகத்தில் கிடைக்காது.

மெய்யாகவே ஒரு காட்டுவாத்து ஜொகூரில் வந்து இறங்கிவிட்டால், அப்போதும் உடனே ஆரவாரம் செய்வதற்கில்லை. பட்டைத்தலை வாத்தைப் பல நாடுகளின் மிருகக்காட்சிச் சாலைகளிலும் பூங்காக்களிலும் அழகுக்காக வளர்க்கிறார்கள். அவ்வாறு வளர்க்கப்பட்டுத் தப்பியவை நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் தாமாகவே இனப்பெருக்கம் செய்யும் நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே பறவையின் இறகு ஓரங்கள் கூண்டில் உரசித் தேய்ந்தனவா, சிறகின் நுனி வெட்டப்பட்டிருக்கிறதா, காலில் வளர்ப்போர் மாட்டும் மூடிய வளையம் இருக்கிறதா, மனிதனைக் கண்டால் விலகுகிறதா, ரொட்டித் துண்டுக்கு ஓடி வருகிறதா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். எந்தப் பருவத்தில் வந்தது என்பதும் சாட்சி. டிசம்பரில் வந்தது வழி தவறிய யாத்திரிகனாக இருக்கலாம், ஜூலையில் வந்தது பெரும்பாலும் ஏதோ கூண்டின் கதவைத் திறந்துவிட்டு வந்ததாகவே இருக்கும். இவ்வளவு சந்தேகமும் பறவையின் மேல் உள்ள அவநம்பிக்கையால் அன்று. ஆயிரம் நாள் ‘இல்லை’ என்று எழுதப்பட்ட ஏட்டில் ஒரு நாள் ‘உண்டு’ என்று எழுதப்போகிற எழுத்து அது. அதனால் இத்தனை விசாரணை.

வாத்து வராவிட்டாலும் பாலோ யாத்திரிகர்கள் இல்லாத ஊரன்று. செப்டம்பர் பிறந்தால் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டுகின்றன. பகாங்கின் பெந்தோங் பட்டணத்தில் அவை மாலையில் ஆயிரமாயிரமாக வந்து அடைவது நெடுநாளாக ஆராயப்பட்டிருக்கிறது. ஜப்பானிலிருந்து புறப்படும் தேன்பருந்துகள் கிழக்குச் சீனக் கடலைக் கடந்து, இந்தோசீனத்தின் வழியாக மலாய்த் தீபகற்பம் நெடுகிலும் இறங்கிச் சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் செல்வதை, ஹிரோயோஷி ஹிகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானி செயற்கைக்கோள் கொண்டு நிரூபித்தார். அவை வசந்தத்தில் திரும்பி வரும்போது மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து சேரும் தஞ்சோங் துவான் முனையில், 1940-ல் நிறுவப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் பருந்து காணும் விழா நடத்திவருகிறது. வாத்தினத்திலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்றான குள்ளத்தாரா, ஏறத்தாழக் கால் கிலோ எடையே உள்ள, ஆண் வெள்ளையும் பளபளக்கும் பச்சையுமாக நீர்த்தாமரைகளுக்கிடையே நீந்தும் பறவை. தீபகற்பத்தின் வடக்கில் பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளில் தேடினால் கிடைக்கும், ஜொகூரில் அபூர்வம். பாலோ வட்டாரத்துக் குட்டை ஒன்றில் அதைக் காண்கிறவருக்கு நான் காட்டுவாத்தைக் கண்டவருக்குரிய மரியாதையைத் தயங்காமல் அளிப்பேன்.

ஆதலால் பாலோவிலும் சாமெக்கிலும் பெக்கோக்கிலும் இதை வாசிக்கிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஜனவரியின் இரண்டாம், மூன்றாம் வாரங்களுள் ஒரு நாள் காலையில், மழை விட்டிருக்கும் வேளை பார்த்து, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு குட்டையையோ ஆற்றங்கரையையோ அணைக்கட்டையோ தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரம் நின்று, கண்ணில் பட்ட நீர்ப்பறவைகளை எண்ணி எழுதுங்கள். இடம், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கை ஆகியவை போதும். கொக்கை அற்பமென்று விட்டுவிடாதீர்கள், எதுவும் இல்லையென்றால் ‘எதுவும் இல்லை’ என்பதையும் எழுதுங்கள். காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ உள்ள பறவை தென்பட்டால், பட்டையின் நிறம், எழுத்தின் நிறம், எழுத்து, எண் ஆகிய நான்கையும் வரிசை மாறாமல் குறித்துக்கொண்டு, நல்ல படத்துக்காக அதன் அருகே போய் விரட்டாதிருங்கள். குறிப்பை மலேசிய இயற்கைக் கழகத்தின் ஜொகூர்க் கிளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஜனவரியிலும் அதே இடத்துக்கு, அதே வேளையில் தவறாமல் செல்லுங்கள்.